‘ஓரிரு இடங்களில்’ எளாவூர் உண்டா?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வேர்வை பட்டு மசி கரைந்தவை. மீதியில் கோபம். ஆகவே அரசியல், சினிமா, ராசிபலன் மூன்றுக்கும் இந்த வாரம் விடுமுறை. வெயிலும் இடியும் மட்டும்.

‘வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று தினமும் டி.வி.யில் சொல்கிறார்கள். அந்த ஓரிரு இடத்தில் எங்கள் ஊர் என்றைக்காவது வருமா?
— டீக்கடைக்காரர், எளாவூர்

வரும். ஆனால் எந்த நாள் என்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இருப்பவர்களுக்கும் முந்தின நாளே தெரியாது. அவர்கள் கணக்கு இதுதான்: ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை நனைந்தால் ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை போனால் ‘ஒருசில இடங்கள்’. முக்கால்வாசியைத் தாண்டினால்தான் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, நேற்று கும்மிடிப்பூண்டியில் கொட்டித் தீர்த்து, உங்கள் கடை வாசலில் தூசிகூட அடங்காமல் போனாலும் அறிக்கை பலித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கோடை இடிமேகம் உயரத்தில்தான் பெரிய ஆள். பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர்கூட எழும்பும். அகலமோ சில கிலோமீட்டர்தான். ஒரு தனி மேகம் திரண்டு, கொட்டி, கலைய ஒரு மணி நேரம் போதும். காலை டீயோடு நாளைய அறிக்கையைப் படிப்பதைவிட, மதியத்துக்கு மேல் ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று மாவட்ட வாரியாக வரும் அறிவிப்பைப் பாருங்கள். அது ரேடாரில் மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது. சென்னையில் டாப்ளர் ரேடார் 2002 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாவம், அதையும் கொஞ்சம் நம்பலாம்.

மதியம் இரண்டு மணிக்குச் செல்போன் 38 டிகிரி என்கிறது. அதன் கீழேயே ‘உணர்வது 46’ என்கிறது. எதை நம்ப?
— லாரி ஓட்டுநர், எளாவூர் சோதனைச் சாவடி வரிசையிலிருந்து

இரண்டையும் நம்ப வேண்டாம். உங்கள் கேபினுக்குள் இரண்டைவிடவும் அதிகம்.

வானிலைத் துறையின் வெப்பமானி வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டமாக, இடுப்புக்கு மேல் உயரத்தில் இருக்கும். அதற்கு அரசு மரியாதை. உங்களுக்குத் தலைக்கு மேல் தகரம், காலுக்குக் கீழே இன்ஜின், சுற்றிலும் ஜி.என்.டி. சாலையின் தார். செல்போன் எண் பெரும்பாலும் கணினி போட்ட கணக்கு. ‘உணர்வது’ என்பது காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கருவியே தப்பு சொல்வதும் உண்டு. 2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று பதிவாகி உலகமே அலறியது. சோதித்துப் பார்த்தால், அந்தக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. மூன்றைக் கழித்தாலும் வெயில் வெயில்தான் என்பது வேறு விஷயம்.

என்னோடு வேலை செய்யும் பீகார்க்காரத் தம்பிக்குச் சொந்த ஊர் கயா பக்கம். ‘எங்க ஊர்ல 45 டிகிரி அடிக்கும், இவ்வளவு வேர்க்காது’ என்கிறான். கதை விடுகிறானா?
— சிப்காட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

உண்மையைத்தான் சொல்கிறார். வடக்குச் சமவெளியில் மே மாதம் வீசும் ‘லூ’ காற்று எலும்பு வரை காய்ந்தது. ஈரப்பதம் பத்து, இருபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். வேர்வை சுரந்ததுமே காய்ந்துவிடுவதால் வேர்க்கவே இல்லை என்று தோன்றும். அங்கே ஆபத்து வேறு மாதிரி: உடம்பில் தண்ணீர் வற்றுவது தெரியாமலே ஆள் சுருண்டு விழுவார்.

இங்கே பக்கத்தில் கடல். மழைக்காலத்தில் கொடியில் போட்ட வேட்டி காயாத மாதிரி, உடம்பில் வேர்வை காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சும்மா வழிந்தால் பனியன் நனையும், அவ்வளவுதான். அதனால் நம்ம ஊர் 38 அவர் ஊர் 45-ஐத் தோற்கடிப்பது சாத்தியமே.

இன்னொன்று. சாயங்காலம் இடி உறுமியதும் அந்தத் தம்பி ஷெட்டுக்குள் ஓடினால் கேலி செய்யாதீர்கள். மின்னலுக்கு அதிகம் பேரைப் பறிகொடுக்கும் மாநிலங்களில் பீகார் ஒன்று. மழைக்கு முன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் ஆந்தியையும், இடியோடு வரும் கால்பைசாகியையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். இந்த விஷயத்தில் அவர் உங்களுக்கு சீனியர்.

கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா, அப்புறம் கடல். இவ்வளவு பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் வேக வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரம்பாக்கம்

ஐயா, இந்தக் கட்டுக் கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பகுதியின் கோடைக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று மேற்கேயிருந்து, ஆந்திரத் தரைப்பகுதியின் சூட்டை வாரிக்கொண்டு வரும் தரைக்காற்று. இன்னொன்று, நிலம் சுட்டதும் கடலிலிருந்து உள்ளே புகும் கடற்காற்று. கடற்காற்று பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கு 36, 37-ஓடு போச்சு. மேற்குக்காற்று பலமாக இருந்து அதை வாசலிலேயே நிறுத்தி, மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் விட்டதென்றால் அதற்குள் 40, 41 ஆகியிருக்கும். சில நாள் கடற்காற்று வரவே வராது. மறுநாள் பேப்பரில் திருத்தணி, வேலூரோடு சென்னையும் போட்டி போடும்.

இதில் வங்கக் கடல் புயலும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசம். மே மாதம் புயல் என்றதும் மழை வரும் என்று நாம் குடையைத் தூசி தட்டுவோம். அது ஒடிசாவுக்கோ வங்கதேசத்துக்கோ மியான்மருக்கோ போய்விடும். ‘ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டுப் போயிடுச்சு’ என்று டீக்கடையில் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி: வடக்கே நிற்கும் புயல் சுழலும்போது நம் தலைக்கு மேல் மேற்குக்காற்றையும் வடமேற்குக்காற்றையும் இழுக்கிறது. கடற்காற்றுக்குக் கதவு அடைபடுகிறது. 2003 மே மாதம் மியான்மர் பக்கம் போன புயல் பருவமழையைத் தாமதப்படுத்தியது. அந்த மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. சென்னையில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். அதே வெயிலில் ஆந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து மாநில எல்லைக்கு நடந்தே போகலாம். வெயில் சோதனைச் சாவடியில் நிற்காது.

ஆகையால் காலையில் மொபைலைப் பார்க்கும் முன் மாடியில் காயும் துணியைப் பாருங்கள். பத்து, பதினொரு மணிக்குத் துணி கிழக்கே பார்த்துப் பறந்தால் மேற்குக்காற்று அடிக்கிறது என்று அர்த்தம். வெளிவேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் குறையும்தானே?
— பஞ்சாங்கம் பார்க்காமல் வெளியே போகாத ஒருவர், கவரைப்பேட்டை

பஞ்சாங்கத்தில் குறையும்.

சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கிருத்திகை முழுக்க நடந்து, ரோகிணி முதல் பாதத்தைத் தாண்டும் வரையுள்ள நாட்கள் கத்திரி. ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. வானிலைத் துறைக் கணக்கில் இப்படி ஒரு பருவமே இல்லை. சூரியன் உங்கள் ஊருக்கு நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் கடைசியிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நிலம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகிறது, மேற்குக்காற்றும் வலுக்கிறது. அதனால்தான் மே கடைசியும் ஜூன் முதல் வாரமும் பல வருஷம் கத்திரியைவிட மோசமாக அடிக்கிறது. மேலே சொன்ன 45 டிகிரியும் கத்திரி முடிந்த பிறகு வந்ததுதான். மாறாக, 2025-இல் கத்திரி முடிவதற்குள் மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1. கிரகங்கள் சொன்ன தேதியில் வந்தன, வெயில் மட்டும் லீவ் லெட்டர் கொடுத்துவிட்டது.

கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் மழை வருமா?
— இளைஞர் மன்றம், சுண்ணாம்புக்குளம்

மே கடைசியில், சாயங்காலம் ஆறு மணிக்கு முகூர்த்தம் வையுங்கள். வர வாய்ப்புண்டு. கழுதையின் சம்மதத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தியவேடு பக்கம் கருத்தால் எங்களுக்கு மழை என்பார் என் தாத்தா. இப்போது கருக்கிறது, இடிக்கிறது, காற்றோடு போய்விடுகிறது. ரோட்டில் நெல் காயப்போட்ட நாளில் மட்டும் தவறாமல் கொட்டுகிறது. இது என்ன நியாயம்?
— நவரை நெல் போட்ட விவசாயி, எளாவூர்

உங்கள் தாத்தா வானிலைத் துறையில் சேர்ந்திருக்கலாம். வட தமிழகத்தின் கோடை இடிமழை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. சித்தூர் மேட்டிலும் நாகலாபுரம் மலைப் பக்கமும் மதியம் நிலம் சுட்டு ஈரக்காற்று மேலெழும்புகிறது. அதற்குத்தான் வெப்பச்சலனம் என்று பெயர். உள்ளே போன கடற்காற்றும் மேற்குக்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேகம் திரள்கிறது. உயரத்தில் வீசும் மேற்குக்காற்று அதைக் கிழக்கே தள்ளிவிடுகிறது. அதனால்தான் நமக்குச் சாயங்காலமும் ராத்திரியும் மழை. மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்க்காற்று மழைக்கு முன்னாலேயே ஓடிவந்து புழுதியைக் கிளப்பும். சில நிமிஷத்தில் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும்.

சில நாள் கரையோரம் ஏற்கெனவே கடற்காற்று குளிர்ச்சியாகப் படுத்திருக்கும். மேகத்துக்குக் கீழேயிருந்து சூடு கிடைக்காது. கும்மிடிப்பூண்டி வரை வந்து இடியை மட்டும் காட்டிவிட்டுக் கரைந்துவிடும்.

நெல் விஷயம் சிரிக்க முடியாதது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் சர்வீஸ் ரோட்டில் காயப்போடுகிறீர்கள். பத்து நிமிஷ மழை நாலு நாள் வெயிலை அழித்துவிடும். மூன்று மணிக்கு மேல் மேற்கே காலிஃபிளவர் மாதிரி வெள்ளை மேகம் உயர்ந்தால் மழைத்துளிக்குக் காத்திருக்காதீர்கள். புழுதிக்காற்று வந்த பிறகு படுதாவை விரித்தால் படுதா தடாவில் போய் இறங்கும். காயவைக்கக் களமும் கூரையும் கட்டித் தரச் சொல்லி மனு கொடுப்பது தனி வேலை. அதை விடாமல் செய்யுங்கள்.

தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மறுவாரம் பானை மட்டும் இருக்கிறது.
— பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்

பானையாவது இருக்கிறதே. என் வீட்டருகே பேனர் மட்டும்தான் இருக்கிறது.

இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. உலை முன்னால் நின்றுவிட்டு வெளியே வந்தால் வெளியிலும் உலை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மயங்கி விழுந்தார். ‘சாப்பிடாமல் வந்திருப்பான்’ என்றார் மேஸ்திரி.
— பெயர் வேண்டாம், முதலாளி படிப்பார்

படிக்கட்டும், நல்லதுதான்.

புதியவர்தான் முதலில் விழுவார். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவரை மறுநாளே உலை முன் முழு ஷிப்ட் நிறுத்துவது குற்றம் என்பேன். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்குக் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். யாரும் சலுகை கேட்கவில்லை.

மயங்கியவர் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது பசி மயக்கம் அல்ல, வெப்பவாதம். நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலுக்கு இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. மேஸ்திரியிடம் சொல்லுங்கள், டம்ளர் தண்ணீர் அதைவிட மலிவு.

இடி இடிக்கும்போது வேப்பமரத்தடியில் நிற்கலாமா? லாரிக்குள் உட்காரலாமா? மொபைல் பேசினால் மின்னல் இழுக்குமா?
— கல்லூரி மாணவி, எளாவூர்

மரத்தடி கூடவே கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு லாரி கேபினிலோ காரிலோ உட்காரலாம். பைக் ஆகாது. மொபைல் மின்னலை இழுக்காது, சார்ஜரில் செருகிப் பேசுவதுதான் ஆபத்து. மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். இலவசம்தான்.

நம் நாட்டில் வருஷத்துக்கு 2,500 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து பக்கத்தில் போகாமல் விடுவதாலும் சில உயிர்கள் போகின்றன. மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தாராளமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நடு மார்பை நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள், வண்டி வரும் வரை.