அரைத்தெய்வம் வளர்ப்பது எப்படி?

பிள்ளை புத்தகத்தையே தொடுவதில்லை என்று புலம்பும் பெற்றோருக்கு ரிக் ரியோர்டன் கண்கண்ட தெய்வம். அமெரிக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், வாசிக்கத் தடுமாறிய மகனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதைதான் 2005இல் 'தி லைட்னிங் தீஃப்' நாவலாக வந்தது.

நாயகன் பெர்சி ஜாக்சன் கிரேக்கக் கடவுளுக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்த அரைத்தெய்வம். அவனுக்கு டிஸ்லெக்சியா. காரணம், மூளை பண்டைய கிரேக்க மொழிக்கென்றே வார்க்கப்பட்டதாம். ஓரிடத்தில் உட்கார மாட்டான். அது போர்க்களத் துடிப்பாம். கணக்கு டீச்சரோ நிஜமாகவே சிறகு முளைத்த அரக்கி. இனி பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் நாம் எதைப் பேச?

102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் கடவுளர் குடியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளைப் பார்க்க மட்டும் லிஃப்ட் கீழே இறங்காது. தெய்வ அப்பனோ ஆத்தாளோ யாரென்று தெரியாத பிள்ளைகள் அரைத்தெய்வங்களுக்கான முகாமில் ஹெர்மிஸ் குடிலின் தரையில் முண்டியடித்துப் படுக்க வேண்டியதுதான்.

பெர்சியின் அம்மா சாலி மட்டும் விதிவிலக்கு. மிட்டாய்க் கடையில் வேலை. அரக்கர்கள் மகனை மோப்பம் பிடிக்காதிருக்க, ஊரே மூக்கைப் பொத்தும் ஒருவனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறாள். நீல நிறத்தில் உணவே கிடையாது என்று அவன் சாதித்ததற்காக, வீம்புக்கு நீலக் கேக் சுடுகிறாள். கடவுளரின் மின்னலும் திரிசூலமும் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

என் மகளும் இப்போது அரைத்தெய்வம்தான்; தட்டைக் கழுவச் சொன்னால் அப்படித்தான் பதில் வருகிறது. இருக்கட்டும். பள்ளிக் கட்டணம் மட்டும் மானிடத் தகப்பன் இலாகா.