பழைய விண்டோஸுக்கு ஐந்து யோசனைகள்

திருவேங்கடம் பஜாரில் டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை எதில் போய் நின்றாலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: ரைட் கிளிக், ரீஃப்ரெஷ். மறுபடி ரைட் கிளிக், ரீஃப்ரெஷ். பிறகு எஃப்5-ஐ அமுக்கிப் பிடித்துக்கொண்டே, “சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ அண்ணாச்சி.” இந்த வாரம் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இந்த யோசனைகள். முதலாவது, ரீஃப்ரெஷை விட்டுவிடுங்கள். அது டெஸ்க்டாப் ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டும், அவ்வளவுதான். ராமைக் காலி செய்யாது, பிராசசரைத் தட்டி எழுப்பாது. ஐந்தருவியை வால்பேப்பராக வைத்து, தண்ணீரே தெரியாதபடி ஐகான்களால் மூடியிருப்பவருக்கு, அந்த ஐகான்கள் ஒருமுறை கண்சிமிட்டுவது மட்டுமே மிச்சம்.

“அமுக்கினால் வேகம் கூடுதே” என்பார்கள். கூடத்தான் செய்யும். ஆன் செய்ததும் ஆன்டிவைரஸ், பிரிண்டர் மென்பொருள், யாரும் கேட்காத அப்டேட்டர்கள் எல்லாம் பின்னால் ஏறிக்கொண்டிருக்கும்; ஏறி முடிந்ததும் சிஸ்டம் தானாக இளகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அதே வேகம்தான் வரும். பழக்கதோஷம், போகட்டும் என்று விடலாமென்றால், ரீஃப்ரெஷ் தனியாக வருவதில்லை. அடுத்து ரன்னில் ‘ட்ரீ’ என்று அடிப்பார்கள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடும். வைரஸ் ஓடுவதாக நினைப்பு. ஓடுவது ஃபோல்டர்களின் பெயர்ப் பட்டியல். அடுத்து ‘ப்ரீஃபெட்ச்’, உள்ளே இருப்பதெல்லாம் டெலீட். எந்த புரோகிராமுக்கு எந்த ஃபைல் தேவைப்படும் என்று விண்டோஸ் தனக்காக எழுதிவைத்த குறிப்பு அது. அழித்தால் அடுத்த தடவை திறக்கத் தாமதமாகும். தாமதமானால்? ரீஃப்ரெஷ்.

“புதுசு வாங்கவேண்டியதுதானே?” இதுவும் நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14-லும் கைகழுவிவிட்டது. ஆனால் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து அழைப்பிதழும் இன்னும் பேஜ்மேக்கர் 7.0-லிருந்து வருகின்றன. 2001-இல் வந்த அதற்கு யூனிகோட் தமிழ் ஒத்துவராது. பழைய ஃபான்ட், பழைய பிரிண்டர், பழைய விண்டோஸ் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றினால் தொழில் நின்றுவிடும். ஆகவே பழையதை வைத்திருப்பதில் தப்பில்லை. இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு வைத்திருப்பது உத்தமம். எனக்கு ஆகாதது வைத்தியம்தான். எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாதவற்றின் டிக்கை எடுப்பது இரண்டாவது யோசனை. அதில் திரை மின்னாது, எழுத்து ஓடாது, வாடிக்கையாளருக்கு வித்தை காட்ட முடியாது. அதனால் செய்யமாட்டார்கள்.

மூன்றாவது, பேட்டரி. மதர்போர்டில் பொத்தான் மாதிரி இருக்கும் சிஆர்2032 செத்துவிட்டால் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும். வங்கி இணையதளத்தின் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் உள்ளே விடாது. காலையில் ஆன் செய்யும்போதே ‘எஃப்1 அமுக்கு’ என்று சிஸ்டம் கெஞ்சியிருக்கும். அதையும் தினமும் பக்தியோடு அமுக்கியிருப்பார்கள். சில்லறைக் காசு பேட்டரிக்குக் கடைசியில் கிடைக்கும் தீர்ப்பு, “ஃபார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி.” பேக்கப் வேண்டுமா என்ற கேள்வி சி டிரைவ் காலியான பிறகுதான் வரும். டெஸ்க்டாப்பும் மை டாகுமென்ட்ஸும் அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது நான்காவது யோசனையாக இருந்திருக்க வேண்டும். ஐந்தாவதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.