உடல்வாழ் பாக்டீரியாக்களின் வாடகை நிலவரம்: பெங்களூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மனித உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி. அத்தனையையும் திரட்டித் தராசில் வைத்தால் 200 கிராம் தேறும். அதாவது ஒரு சின்ன நந்தினி தயிர்ப் பாக்கெட். அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பவையும் இவற்றின் சொந்தக்காரர்களே.

பெங்களூரில் வாடகைக்குப் போகிறவர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். உடலிலும் பத்து மாதக் கணக்கு உண்டு. ஆனால் அதைச் சுமப்பவள் தாய். குடிவருவோர் சல்லிக்காசு தராமல் பிரசவ நாளன்றே நுழைந்துவிடுகின்றனர். சுகப்பிரசவமானால் பிறப்புவழியில் வசிக்கும் லாக்டோபேசில்லஸ் முந்தும். சிசேரியனானால் தோலில் வசிப்பவை. மூன்று வயதுக்குள் வீடு நிரம்பிவிடும்.

தோலை விரித்துப் போட்டால் சுமார் 20 சதுர அடி. பேயிங் கெஸ்ட் விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஒதுக்கும் இடம் அவ்வளவுதான். இதற்குள்ளும் ஏரியா பேதம் இருக்கிறது. முன்கை வறண்ட பேட்டை; மூக்கோரம் எண்ணெய் வளம் மிக்கது, அங்கே முகப்பருப் புகழ் கியூட்டிபாக்டீரியம் வாசம். தொப்புளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 60 தொப்புள்களைத் துடைத்துப் பார்த்து 2,368 வகைகளைக் கண்டது. அக்குள் தனி ரகம். வேர்வைக்குச் சொந்த வாசனை கிடையாது. கொரினிபாக்டீரியம் முதலானவை அதைச் சிதைக்கும்போதுதான் அந்த நெடி பிறக்கிறது. மாலை ஆறரைக்கு சில்க் போர்டு சந்திப்பில் நகராத பஸ்ஸில், மேல்கம்பியைப் பிடித்து வரிசையாக நிற்கும் கைகளுக்கு அடியில், இவ்வாழிடத்தை எந்தக் கருவியும் இன்றி ஆராயலாம்.

வாய்வாசிகளை 1683இல் நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தம் பல்லழுக்கைச் சுரண்டி லென்ஸில் பார்த்து எழுதினார். இவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிப்பது. ஒரு காபியை இருவர் பகிரும் பை டூ காபி குடிப்பவர் பாதிச் சர்க்கரை மிச்சம் என்று நினைக்கலாம். மணிக்கொரு பை டூ சொன்னால் அமிலமும் மணிக்கொரு முறை வரும்.

இரைப்பை ஓர் அமில ஏரி. தர்மாம்புதி ஏரியில் மெஜஸ்டிக் பஸ் நிலையமும், சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியமும் எழுந்த ஊருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரியின் உத்தி புதிதல்ல. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தை அடக்கி, அங்கேயே வீடு கட்டிக்கொள்கிறது. அல்சருக்குக் காரணம் மனக்கவலை என்று மருத்துவ உலகம் சாதித்தபோது, 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இதைக் கரைத்துக் குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும், 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தன.

ஆனாலும் ஜனநெரிசல் பெருங்குடலில்தான். ஆக்சிஜன் அறவே ஆகாத பாக்டீராய்ட்ஸ் இங்கே பெருங்கூட்டம். ஆக்சிஜன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்னும் ஈ.கோலை 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) வகையறா. பெயர்தான் பெரிது, எண்ணிக்கையில் சிறுபான்மை. இவ்விடத்தில் மட்டும் வாடகை ஒழுங்காக வருகிறது. மனிதக் குடலுக்குச் செரிக்காத ராகிக் களியின் நார்ச்சத்தைப் பெருங்குடல்வாசிகள் நொதிக்க வைத்துக் கொழுப்பமிலமாக்கித் தருகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுவே பிரதான எரிபொருள். கொசுறாக வைட்டமின் கே.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஆன்டிபயாட்டிக். அது அடாவடிக் குடியையும் சாதுவையும் பிரித்துப் பார்க்காது. காலியான அறைகளில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் புகுந்து, கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

எஞ்சுவது உரிமைப் பிரச்சினை. மனிதனின் சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அதில் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். உட்கரு இல்லாதவை, ஆகவே டி.என்.ஏ.வும் இல்லை. பெங்களூர்ப் பேச்சில் சொன்னால் காத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு) இல்லாத சொத்து. மிச்சமுள்ள 5 லட்சம் கோடியை வைத்துக்கொண்டுதான் மனிதன் தன்னை ஓனர் என்று சொல்லிக்கொள்கிறான்.