குக்கர் வெயிட்டின் இடப்பெயர்ச்சி: 19 மாதக் குழந்தையின் பொருட்கொள்கை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம், திருச்சி உறையூரில் ஒரு மாடி வீடு. ஆய்வுக்கு உட்பட்டவர் என் மகள். வயது 19 மாதம், எடை பத்தரைக் கிலோ, ஒத்துழைப்பு அறவே இல்லை. ஆய்வுக்குழுவில் மூவர்: முதன்மை ஆய்வாளனாகிய நான், என் அம்மா, என் மனைவி. இவர்களுள் மனைவி, இது ஆய்வே அன்று, பாத்திரம் தேய்ப்பதிலிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த வழி என்று மாறுபட்ட கருத்துத் தெரிவித்துள்ளார். அறிவுலகில் மாறுபட்ட கருத்துக்கு இடம் உண்டு. அதைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன். பாத்திரம் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுச் சிக்கல் இதுதான். முதல் பிறந்தநாளுக்கு வந்தவை பேட்டரியில் குரைக்கும் நாய்க்குட்டி ஒன்று, பொத்தானை அழுத்தினால் ஏ பி சி டி பாடும் குட்டி மேசை ஒன்று, சன்னபட்னாவின் மரக் கிலுகிலுப்பை இரண்டு, ஆளுயரக் கரடி ஒன்று. இவை யாவும் சுவரோரம் நிற்கின்றன, கொலு முடிந்தும் எடுத்து வைக்க ஆளில்லாத பொம்மைகளைப் போல. மகளின் கையில் இருப்பதோ டீ வடிகட்டி. அது இல்லாத நேரத்தில் துணி கிளிப், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் இடது கால் செருப்பு. வலது காலை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அதன் காரணம் தனி ஆய்வுக்குரியது.

தமிழ் மரபு இதை முன்பே அறிந்திருந்தது என்பது என் துணிபு. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். பருவங்கள் பத்து. 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாடுவது பாட்டியல் நூலார் காட்டும் ஒரு மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று எண்ணிக்கொண்டே வந்தால் 19ஆம் மாதத்தில் நிற்பது சிறுபறை. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடிய காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. என் மகள் 19 மாதம் நிறைந்த அன்று காலை ஐந்தே முக்காலுக்கு இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டு, குழிக்கரண்டியால் முழங்கத் தொடங்கினாள். ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

இங்கே புலவர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். சிறுபறை ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியது. பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று இறுதிப் பருவங்கள் வேறு. தடை வலுவானது. ஆனால் கரண்டியைப் பிடுங்க முயன்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின் நான் பாட்டியல் நூலாரைத்தான் கைவிட வேண்டியதாயிற்று. ஊசல் பருவமும் குறைவின்றி நடக்கிறது. அம்மா அடுப்படியில் நிற்கும்போது அவர் முந்தானையைப் பிடித்துத் தொங்குவதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? நீராடலுக்கோ நாய்க்குப் பாலூற்றும் கிண்ணமே போதுமானதாயிருக்கிறது.

பறை என்ற மட்டில் எந்தப் பாத்திரம் என்ற கேள்வி எழுகிறது. பிளாஸ்டிக் வாளி நிராகரிக்கப்பட்டது; தட்டினால் ‘தொப்’ என்கிறது, அவ்வளவுதான். அலுமினியச் சட்டிக்கு இரண்டாம் இடம். முதலிடம் எவர்சில்வருக்கே. அதிலும் மூடி. வட்டமான மூடியைத் தரையில் விட்டால் சுழன்று, சாய்ந்து, அடங்க அடங்க அதன் நடுக்கம் விரைவாகி, ஓசை மேலே மேலே ஏறி, சட்டென்று நின்றுவிடும். இயற்பியலார் இவ்வகை ஆட்டத்தை ஆய்லர் வட்டு என்ற பெயரில் ஆராய்கிறார்கள். ஆற்றல் குறையக் குறைய வேகம் கூடுவது எப்படி என்று கட்டுரைகள் எழுதுகிறார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு, அம்மா கண்ணயரும் நேரத்தில், எங்கள் வீட்டில் இச்சோதனை நாள்தோறும் நடைபெறுகிறது.

எவர்சில்வர் பற்றிப் பேசும்போது கல்வெட்டாய்வையும் விடலாகாது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பாதி சாசனங்கள். புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்தில் மாமாவின் கல்யாணத் தேதி, சித்தியின் புதுமனை புகுவிழா, யாரென்றே தெரியாத ஒருவரின் காதணி விழா. மகள் இவற்றை வேறுவிதமாக வாசிக்கிறாள். அவள் பல் பட்ட இடமும் நெளிவு விழுந்த இடமும் கூடிக்கொண்டே போகின்றன. புதுமனை புகுவிழாவின் ஆண்டு இப்போது படிக்க முடியாத நிலையில் உள்ளது. வருங்கால ஆய்வாளர்கள் என்னை மன்னிக்க.

மேலைநாட்டு அறிஞருள் சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே இத்துறைக்கு அடித்தளம் இட்டவர். சிப்பி, நத்தைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், பிறகு தம் மூன்று பிள்ளைகளையே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதினார். 1936இல் பிரெஞ்சில் வந்த நூலில், குழந்தை ஒரு பொருளைக் கையை இப்படி நீட்டியும் அப்படி நீட்டியும் கீழே போட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதை விரிவாகக் குறித்திருக்கிறார். ஒரு வயதுக்கு மேல் இது கூடுமாம். குழந்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் செய்து விளைவை அறிகிறதாம். குறிப்பெடுக்க அவர் மனைவி வாலந்தீனும் உதவினார். எல்லாம் சரி. குறிப்பெடுக்க இருவர் இருந்தார்கள், கீழே விழுந்ததைப் பொறுக்கியது யார்?

இதே வினாவை நம் முன்னோரிடமும் எழுப்பலாம். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, குறுகுறு நடையில் வந்து, நெய்ச்சோற்றில் கைவிட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் இழுகிக்கொள்ளும் பிள்ளையைக் காட்டுகிறான். அப்பிள்ளை இல்லாதவர்க்கு எத்தனை செல்வம் இருந்தும் வாழும் நாளில் பயனில்லை என்பது அவன் முடிவு. வள்ளுவரோ 64ஆம் குறளில், பிள்ளை கைவிட்டு அளாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்றே சொல்லிவிட்டார். ஒருவர் அரசர், ஒருவர் புலவர். தரை துடைத்தது யார் என்று இருவருமே சொல்லவில்லை. இந்த இடத்தில் மட்டும் என் மனைவி ஆய்வுக்குழுவின் முடிவை முழுமனதாக ஆதரித்தார்.

இனி என் கோட்பாட்டுக்கு வருகிறேன். ஒரு வீட்டுப் பொருள் எக்கணத்தில் விளையாட்டுப் பொருளாகிறது? நிறமா, ஓசையா, பளபளப்பா? மூன்றும் இல்லை. ஒரு சோதனை செய்தேன். டிவி ரிமோட்டுக்கு அவள் அடித்துக்கொள்கிறாள் என்பதால், உயிர்போன பழைய ரிமோட் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். அச்சு அசல் அதே கறுப்பு, அதே பொத்தான்கள். வாங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எந்தப் பதற்றமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு மெய்யான ரிமோட்டைத் தேடிப் போய்விட்டாள். பழைய செல்போனுக்கும் இதே கதி. தீட்டிய கண் அவளுக்கு; நாங்கள் எதைத் தொலைத்தால் தவிப்போமோ அதை மட்டுமே எடுப்பாள்.

மறுதலையாகவும் சோதித்தேன். ஏறெடுத்துப் பாராத அந்தக் குரைக்கும் நாய்க்குட்டியைப் பிரிட்ஜ் மேல் வைத்தேன். போகையிலும் வருகையிலும் அதைத் தொட்டுப் பார்த்து, “தொடாதே, தொடாதே” என்று ஒருவரையொருவர் எச்சரித்தோம். அன்று மாலையே அதற்காக அழுகை. மூன்று நாள் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். நான்காம் நாள் நாங்கள் எச்சரிக்க மறந்தோம். நாய் மறுபடி சுவரோரம்.

பட்டினப்பாலையில் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில், காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் தங்கள் கனத்த காதணியை வீசுகிறார்கள். அது சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியில் தடையாய்க் கிடக்கிறது. நகரின் செல்வச் செழிப்பைக் காட்டும் இடம் என்பர் உரைகாரர். எனக்கு வேறொரு ஐயம். காதணியைக் கண்ட பிறகும் அந்தச் சிறுவர்கள் தேரைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார்களா? உருத்திரங்கண்ணனார் அத்தோடு காட்சியை முடித்துவிட்டது நமக்கு இழப்பே.

அமெரிக்கர்கள் இத்துறையில் நேர்மையானவர்கள். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஒரு புகழ்மன்றம் உண்டு. அதில் 2005இல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். 2008இல் குச்சி. 2011இல் போர்வை. பாடும் மேசை வந்த பெட்டியில் இப்போது என் மகள் குடியிருக்கிறாள் என்பதால் இம்முடிவை வழிமொழிகிறேன். நம் நாட்டில் அப்படி ஒரு மன்றம் அமைந்தால் முதலில் சேர்க்க வேண்டியது முறம். படகு, குடை, கவசம், தட்டு என நாலு வேலை பார்க்கிறது.

சற்றே கனமான ஒரு செய்தி. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மையில் சிறு துண்டு இருக்கிறதா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் கூடாது. வீட்டுச் சாமானுக்கு அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. சில ரிமோட்டுகளிலும் எடைபார்க்கும் கருவியிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி, விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும். ஆகவே எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவை எல்லாம் லாஃப்டில் இருக்கின்றன. எடை பார்க்க வேண்டுமானால் ஏணி வேண்டும். இதில் நான் விளையாடவில்லை.

குக்கர் வெயிட் அந்த உருளையில் அடங்காது என்று அளந்து பார்த்து அனுமதி அளித்தேன். அங்கேதான் தவறு நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருப்பு வேகவைக்கும் வேளை, வெயிட் இல்லை. வெயிட் இல்லாத குக்கர் வெறும் மூடியிட்ட சட்டி. அந்தச் சிறு குண்டு அழுத்தியிருப்பதால்தான் உள்ளே நீர் 120 டிகிரி வரை சூடேறி, நாலு விசிலில் பருப்பு மசிகிறது. அன்று சாம்பார் பிற்பகல் மூன்றரைக்கு இறங்கியது. ஆய்வுக்குழு அவசரக் கூட்டம் கூடியது. சந்தேகத்துக்கு உள்ளானவரிடம், “வெயிட் எங்கடா கண்ணு?” என்று கேட்டதற்கு, “ந்தா” என்று வெறும் கையை நீட்டினாள். இச்சொல்லுக்குக் கொடு, எடுத்துக்கொள், போய்விட்டது என்று குறைந்தது மூன்று பொருள் உண்டு. பாடம் எதுவென்று துணிய முடியவில்லை.

சோபாவுக்கு அடியில் அகழாய்வு தொடங்கினேன். மேலடுக்கில் முந்தைய நாள் முறுக்கு, அடுத்து ஒற்றைச் சாக்ஸ், ரேஷன் கடை ரசீது, இரண்டு ரூபாய் நாணயம். அதற்கும் கீழே மிக்ஸி ஜாரின் வாஷர். ஆறு மாதமாகக் கசிந்துகொண்டிருந்த சட்னிக்கு விளக்கம் கிடைத்தது. கீழடியில் தாயக்கட்டையும் சில்லும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன என்று படித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றிரண்டாவது ஏதோ ஒரு வீட்டு அடுக்களைச் சாமானின் பாகம், அதற்காக ஒரு குடும்பமே தேடியிருக்கும் என்ற எண்ணம் குப்புறப் படுத்திருந்த நிலையில் எனக்கு எழுந்தது. வெயிட் கிடைக்கவில்லை.

மறுநாள் பெரிய கடைவீதிக்குப் போனேன். பாத்திரக்கடைக்காரர் என்ன கம்பெனி, எத்தனை லிட்டர் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, “வீட்ல சின்னப் புள்ள இருக்கா சார்?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப ரெண்டா வாங்கிக்கங்க.”

முப்பது பக்கத்தில் நான் நிறுவ முயன்ற கோட்பாட்டை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை காலை, சாமி அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கும்போது மனைவி கூப்பிட்டார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், விபூதிப் பட்டையும் குங்குமமும் தரித்து, தலையில் ஒரு நந்தியாவட்டையோடு குக்கர் வெயிட் வீற்றிருந்தது. அடியில் வட்டமான உலோகம், மேலே கறுத்து உருண்ட தலை.

அம்மாவைக் கேட்டோம். இடது கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சை தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

“நீதான்டா திருவானைக்காவல்லேர்ந்து சின்னதா லிங்கம் வாங்கியாந்து வச்சிருக்கேன்னு நெனச்சேன். பாப்பாகூட தெனம் வந்து கும்பிட்டுட்டுப் போறா.”

எடுக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். பத்து நாள் பூசை நடந்ததை அடுப்பில் ஏற்றக் கூடாதாம். குக்கரில் இப்போது புதிய வெயிட் இருக்கிறது. பழையது கீழ்த்தட்டிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பூவோடு. வாங்கிய இரண்டாவது வெயிட்டைப் போன வாரத்திலிருந்து காணவில்லை.