கொடிக்கு வந்த மவுசு

ஏலே, உம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரன் இன்னும் ஊருக்குப் போய்ச் சேரல. அதுக்குள்ள டை கட்டுன ஒரு பையன் லேப்டாப்போட வந்து நடுவீட்டுல உக்காந்துட்டானாமே? பிள்ளையோட தொப்புள்கொடி ரத்தத்தைப் பிடிச்சு, மைனஸ் 196 டிகிரி குளிர்ல பூட்டி வைப்பானாம். அதுல ஸ்டெம் செல் இருக்காம். பின்னால 80 வியாதி வந்தாலும் அதை வச்சே தீத்துப்புடலாமாம். மாசத் தவணையும் உண்டாம். பிள்ளைக்குப் பேரு வைக்கதுக்கு முன்னாலயே தவணை கட்டுத ஆளு நீதாம்லே.

அந்தப் பையன் முழுப் பொய்யும் சொல்லல. 1988-ல பாரீசுல எலியான் க்ளூக்மன்னு ஒரு டாக்டரம்மா, ரத்தம் ஊறாத ஒரு சின்னப் பயலுக்குக் கொடி ரத்தத்தை ஏத்திப் பிழைக்க வச்சா. நெசம். ஆனா அது யாரு கொடி? அவனோடதா? அதைக் கேட்டியா நீ? அப்பதான் பொறந்த அவன் தங்கச்சியோடது. அவனுக்கு இருந்தது பிறவிக் கோளாறு. அவன் கொடியையே எடுத்து வச்சிருந்தா அதுலயும் அதே கோளாறுதான இருந்திருக்கும்? சொத்தை விதையப் பத்தாயத்துல பூட்டி வச்சா மறுவருசம் நல்ல பயிராவா முளைக்கும்? தலசீமியாவுக்கும் இதே கதைதான். ரத்தப் புத்துநோய் வந்த பிள்ளைக்கும் பெரும்பாலும் அடுத்தவன் செல்லுதான் வேணும்.

நான் கைநாட்டு, எம் பேச்ச நீ நம்ப வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-லயே எழுதி வச்சிட்டு. தம் பிள்ளைக்கே பின்னால ஆகும்னு கொடி ரத்தத்தைச் சேத்து வைக்கதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லையாம். மூத்தது ஒண்ணு ஏற்கெனவே அந்த மாதிரி வியாதியில கிடந்தா, இளையதோடத எடுத்து வை, அது நியாயம். உனக்கு இதுதாம்லே தலைப்பிள்ளை!

இன்னொரு கூத்தும் இருக்கு. உம் மச்சான் வாட்சப்புல அனுப்பியிருக்கான்: நம்ம முன்னோர் அந்தக் காலத்துலயே ஸ்டெம் செல்லைத் தாயத்துல அடைச்சு அரணாக்கயித்துல கட்டுனாங்களாம். கட்டுனது வாஸ்தவம். எங்க ஆத்தா எனக்குங் கட்டுனா. காஞ்சு சுருண்டு மிளகாக் காம்பு கணக்கா உதிந்த கொடித் துண்டு அது. அதுல உசுரோட ஒரு செல்லு இருக்குமாலே? எங்காத்தா காத்து கருப்பு அண்டாம இருக்கக் கட்டுனா. அவளுக்கு நோபல் பரிசு வாங்கிக் குடுக்க நீங்க ஏன்லே அலையுதீங்க?

எங்காத்தாளுக்குப் பேறுகாலம் பாத்த மருத்துவச்சி ஒரு காரியம் சரியாச் செஞ்சா. கொடியில துடிப்பு அடங்குத மட்டும் வெட்ட மாட்டா. துருப்பிடிச்ச அருவாளால வெட்டி ஜன்னி கண்டு போன பிள்ளைகளும் உண்டு, அதை மறைக்கப்படாது. ஆனா அந்தப் பொறுமை சரி. இப்ப உலக சுகாதார நிறுவனமும் ஒரு நிமிசமாவது பொறுத்து வெட்டுன்னுதான் சொல்லுது. அந்த நேரத்துல கொடி ரத்தம் பிள்ளைக்குள்ள போகும், உடம்புல இரும்புச்சத்து தேறும். வெரசா வெட்டினா அது கொடி ரத்தம் பிடிக்கவன் பைக்குள்ள போகும். பிள்ளைக்குச் சேர வேண்டியதப் பிள்ளைக்குன்னே வழிச்செடுத்து, அதுக்கு வாடகையும் வாங்குதவன் கெட்டிக்காரன்தானே?

ஸ்டெம் செல்லுன்னா நியாய அநியாயப் பேச்சும் கூடவே வரும். அமெரிக்காவுல 2001-ல புஷ்ஷு காலத்துல, கருவுலேருந்து ஸ்டெம் செல் எடுக்கலாமா கூடாதான்னு நாடே மல்லுக்கட்டுச்சு. பெரிய கேள்விதான். 2006-ல ஜப்பான்காரர் யாமனாகா, எலியோட தோல் செல்லையே ஸ்டெம் செல்லா மாத்திக் காட்டி, அந்தச் சண்டையில பாதிய ஆத்துனாரு. நமக்கு வந்திருக்க கேள்வி அம்புட்டு ஒசரம் இல்ல. அந்த டை கட்டுன பையன் சூலிப் பொம்பளைகிட்டப் போய், "உங்க பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா"ன்னு கேக்கான் பாரு, அது அறமா? அவ தாலியக்கூடக் கழட்டிக் குடுத்துருவாளே! வெளங்காத பயலுவளா, அதைத் தட்டிக் கேக்காம தவணையில வட்டி உண்டான்னுதான கேட்டீங்க?

ஸ்டெம் செல்லு மேல அம்புட்டு ஆசை இருந்தா ஒரு சோலி சொல்லுதேன். வேலூர் சிஎம்சி ஆசுபத்திரியில 1986-லேருந்தே எலும்பு மஜ்ஜை மாத்துதாங்க, அதுவும் ஸ்டெம் செல்லுதான். பொருந்துத ஆளு கிடைக்காமத்தான் நெறையப் பேரு திண்டாடுதாங்க. சென்னையில தாத்ரின்னு, செல்லு குடுக்க வாரவங்க பேரப் பதியுத ஒரு பதிவகம் இருக்கு. கன்னத்து உள்பக்கம் பஞ்சைத் தேச்சுக் குடுத்தாப் போதும், உம் பேரும் உஞ் செல்லு என்ன ரகம்னும் பதிஞ்சுரும். என்னிக்காவது ஒருத்தனுக்குப் பொருந்துனா கூப்பிடுவாங்க. துட்டு கேக்க மாட்டாங்க. 18-லேருந்து 50 வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு அது எப்பவோ தாண்டிப் போச்சு. நீ போயிட்டு வா.