அயல்பணியில் சோமாசிக் கரண்டி

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி ஒன்று தைக்க வேண்டும். நடுவில் கதகதப்புக்கு ஒரு தடித்த அடுக்கு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டி, ஓரத்தைப் பட்டி வைத்து மூடினால் அது ஒட்டுப் போர்வை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதற்கென்றே கடைகள் உண்டு. உருளும் கத்தி, ஒளிபுகும் அளவுகோல், கோடு அழிக்கும் பேனா, துணி அசையாமலிருக்க வைக்கும் எடை என அங்கே வாங்கத் தொடங்கினால் போர்வையின் விலைக்கு மெத்தையும் கட்டிலும் வாங்கிவிடலாம். திருப்பூர் வீடுகளில் இவை அனைத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. என்ன, வேறு வேலையில் இருக்கின்றன. அவற்றை அந்த வேலையிலிருந்து விடுவித்து அயல்பணிக்கு எடுப்பதே இக்கலையின் கடினமான பகுதி. தையல் அதற்குப் பிறகுதான்.

முதலில் துணி. காதர்பேட்டை, திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பனியன் சந்தை. ஏற்றுமதியில் மிஞ்சியது, அளவு பிசகியது, ஒரு பொட்டு எண்ணெய்க் கறைக்காக வெளிநாட்டுக்காரர் வேண்டாமென்றது என எல்லாம் இங்கே சட்டையாக விற்கும். சட்டையாகும் பாக்கியம் இல்லாத பிட்டுத் துணியும் கட்டிங் வேஸ்ட்டும் ஊரின் குடோன்களில் எடைக்கணக்கில் கிடைக்கும். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட ஒற்றைக் கட்டில் போர்வைக்கு, தைத்த பின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 150 தேவை. தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், துணியில் இது ஏறத்தாழ முக்கால் கிலோ.

முக்கால் கிலோ கேட்டு வருபவரைக் குடோனில் யாரும் வியாபாரமாகக் கருதுவதில்லை. “கிலோவாப் போட்டா கட்டுபடியாகாதுங்க்கா, மூட்டையா எடுத்துக்குங்க” என்பதே மரபான பதில். 10 கிலோ மூட்டையில் 13 போர்வை தைக்கலாம் என்ற கணக்கு, மூட்டை வீட்டு வாசலில் இறங்கி, அதைப் பார்த்து வீட்டார் கேள்வி கேட்ட பிறகே போடப்படுகிறது.

மூட்டையில் வருவது பின்னலாடைத் துணி. போர்வைக் கலையின் நூல்கள் பெரும்பாலும் நெய்த துணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவை சொல்லாத இரண்டு குணங்கள் பனியன் துணிக்கு உண்டு. ஒன்று, இழுத்தால் நீளும், அதுவும் அகலவாட்டில் அதிகமாக. இரண்டாவது, வெட்டிய ஓரம் சுருளும். சாதா பனியன் பின்னலான சிங்கிள் ஜெர்சியில் மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். சதுரமாக வெட்டி மேசையில் வைத்த துணி, நூல் கோத்துத் திரும்புவதற்குள் குழலாகியிருக்கும்.

இந்தச் சுருளுக்கு மருந்து வடிகஞ்சி. சாதம் வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கி, வெட்டுவதற்கு முன்பே துணியில் தடவி, நிழலில் காயவைத்துத் தேய்த்தால் துணி விறைத்து, நெய்த துணியைப் போல் சொன்ன பேச்சைக் கேட்கும். குக்கர் வந்த பிறகு வடிகஞ்சி அரிதாகிவிட்டது. ஆகவே கஞ்சிக்காகவே ஒரு நாள் சாதம் வடிக்கும் வீடுகளில், சாதம் குழைந்ததற்கான காரணம் சாப்பிடுபவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. தைத்து முடித்ததும் கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அப்போர்வையைத் தமக்கென்று தைத்ததாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது அளவும் வெட்டும். சதுரத்துக்கு அச்சாகக் கல்யாணப் பத்திரிகை உதவும். தாளின் கனம் போதுமானது, மூலை நேராக இருக்கும், கொங்கு நாட்டில் ஒரு முகூர்த்த மாதத்திலேயே தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். ஆறு கோணத் துண்டுகளைத் தாளின்மேல் மடித்துத் தைக்கும் இங்கிலாந்து முறைக்கும் இதே தாள் பொருந்தும். அந்நாட்டில் பாதியில் நின்றுபோன பழைய போர்வைகளின் உள்ளே இருக்கும் கடிதத் துண்டுகளையும் செய்தித்தாளையும் வைத்து அவற்றின் காலத்தைக் கணிக்கிறார்கள். திருப்பூர்ப் போர்வையில் அந்தச் சிரமம் இருக்காது. நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி எல்லாமே உள்ளே அச்சாகியிருக்கும். ஒரே எச்சரிக்கை: இன்னும் நடக்காத கல்யாணத்தின் பத்திரிகையை வெட்டக் கூடாது.

பெரிய சதுரத்துக்கு, வீடு கட்டியபோது மிஞ்சிய ஓரடி டைல்ஸ் சிறந்தது. அதன் எடைக்குத் துணி அசையாது. டி-ஷர்ட்டின் நெஞ்சில் அச்சான படத்தை முழுதாக எடுக்க இதுவே ஏற்ற அளவு. வட்டத்துக்கு டம்ளர் முதல் தாம்பாளம் வரை எல்லா விட்டத்திலும் பாத்திரம் உண்டு. பழைய சிடி 12 சென்டிமீட்டர். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் வீட்டிலிருந்தால் வட்டத்தை வெட்டவே வேண்டியதில்லை. துணியின் கனம் பார்க்க அங்கே ஒரு வட்ட வெட்டுக் கருவி இருக்கிறது. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் விழும். அதைக் கிராமில் நிறுத்து நூறால் பெருக்கினால் அதுதான் ஜிஎஸ்எம். நிறுத்து முடித்ததும் அந்த வட்டத்தை யாரும் சீந்துவதில்லை. 11.28 சென்டிமீட்டர் விட்டத்தில், பிசிறில்லாத அந்த வட்டங்களைக் கேட்டு வாங்கி வருபவருக்கு வீட்டில் தனி மரியாதை கிடைக்கிறது.

வெட்டும்போது துணி நகராமலிருக்கச் சுமை தேவை. பழைய எடைக்கற்கள் உத்தமம். மிக்சி வந்த பின் ஓய்வுபெற்ற சிறிய குழவியும் நன்றாக வேலை செய்யும், உருண்டோடாமல் பார்த்துக்கொண்டால். ஊறுகாய் ஜாடி வேண்டாம். அடியில் எண்ணெய் வளையம் இல்லாத ஊறுகாய் ஜாடி இதுவரை உருவாக்கப்படவில்லை.

உருளும் கத்தியை ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் 1979இல் ஆடை வெட்டுவோருக்காகக் கொண்டுவந்தது; போர்வை தைப்பவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதற்கு மாற்றாகச் சிலர் தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் சோமாசிக் கரண்டியை எடுத்துப் பார்க்கிறார்கள். பல் வைத்த அந்தப் பித்தளைச் சக்கரம் மைதாவை வெட்டும், துணியை வெட்டாது. ஆனால் கஞ்சி போட்ட துணியில் அழுத்தி உருட்டினால் புள்ளி புள்ளியாக ஒரு தடம் விழும். தையல்காரர்களின் டிரேஸிங் வீல் செய்வதும் இதுதான். கறை இல்லை, அழிக்க வேண்டியதில்லை, தண்ணீர் பட்டால் தானே மறையும். ஆண்டில் ஒரு வாரம் மட்டும் வேலையிருந்த கருவிக்கு இப்படி முழுநேரப் பதவி கிடைக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் அதைத் துலக்கி இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். சோமாசியின் ஓரத்தில் நூல் தென்பட்டால் விசாரணை வரும்.

கோடு போட மற்றொரு வழி, பிளேடு கனத்துக்குத் தேய்ந்த சோப்புத் துண்டு. நிறமும் எண்ணெய்ப் பசையும் இல்லாத துணி சோப்பே நல்லது. கருநீலத்திலும் கறுப்பிலும் வெள்ளைக் கோடு தெளிவாக விழும், துவைத்ததும் போய்விடும். இன்னொரு நன்மை, ஊசியை அதில் ஒருமுறை குத்தி எடுத்தால் துணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும்.

பூ வேலைக்குக் கோல அச்சு இருக்கிறது. துளையிட்ட தட்டைத் துணிமேல் வைத்துக் கோலமாவைத் தடவினால், நான்கு தேய்ப்பில் தாமரையின் தடம் புள்ளிகளாக இறங்கும். அதன்மேல் தையல் ஓட்டினால் போதும். மேல்நாட்டார் இதையே சாக்குப்பொடியும் பிளாஸ்டிக் அச்சும் வைத்துச் செய்கிறார்கள். மாவு கல்மாவாக இருக்க வேண்டும். அரிசிமாவில் கோலமிடுவது எறும்புக்கு உணவிடும் புண்ணியம் என்பது சரிதான். போர்வைக்குள் அந்தப் புண்ணியம் தேவையில்லை.

இணைத்த தையலை உடனுக்குடன் அமுக்கித் தேய்க்க வேண்டும். பனியன் துணியில் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் சதுரம் செவ்வகமாகிவிடும். வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைப்பதே முறை. கரி நெருப்புப் போட்ட பித்தளைச் சொம்பால் சட்டை தேய்த்த தலைமுறைக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. மின்தடை நேரத்தில் சப்பாத்திக் கட்டையை அழுத்தி உருட்டினாலும் கைத்தையலின் மடிப்பு படிந்துவிடும். தேய்த்த துண்டுகளை வரிசை மாற்றிப் பார்க்க, சாப்பாட்டு மேசை விரிப்பின் பின்பக்கத்துப் பஞ்சுப் பரப்பு ஏற்றது. சுவரில் தொங்கவிட்டால் துண்டுகள் ஊக்கில்லாமலே அதில் ஒட்டி நிற்கும்.

நடு அடுக்குக்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த சென்னிமலைப் போர்வை நல்லது. புதிய பஞ்சைப் போல் உள்ளே உருண்டு திரளாது. அடித்துணிக்குப் பழைய எட்டு முழ வேட்டி. மூன்றையும் தரையில் விரித்து, தைக்கும்வரை நகராமலிருக்க ஊக்குக் குத்த வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 330 ஊக்கு ஆகும். வீட்டின் கையிருப்பு பெரும்பாலும் அம்மாவின் வளையலிலும் தாலிக்கொடியிலும் தொங்குவதுதான். மொத்தம் ஏழெட்டு தேறலாம். மீதிக்கு ஓவர்லாக் நூல் கோனின் அடியில் மிஞ்சியதை எடுத்து, சாண் நீளத் தற்காலிகத் தையல் போட்டுவிடலாம். வங்காளத்தில் காந்தா தைத்த பெண்கள் பழஞ்சேலையின் கரையிலிருந்து நூலை உருவியே தைத்தார்கள். ஊக்கு வாங்கி வந்தவர்களுக்கு டீ ஸ்பூன் உதவும்: துணிக்குள் போய் வெளிவரும் ஊக்கின் நுனியை ஸ்பூனின் குழிவான முனையால் நெம்பித் தூக்கி மூடினால் நகம் தப்பும். “அத்தை, அந்தச் சின்ன ஸ்பூன் கொஞ்சம் வேணும்” என்று கேட்டால், “அப்புறம் காப்பிக்குச் சக்கரையை எதுல கண்ணு போடறது?” என்று பதில் வரும். அயல்பணி ஆணைகளில் பாதி அத்தையின் மேசையில்தான் நிலுவையில் கிடக்கின்றன.

மூன்று அடுக்கையும் ஊடுருவிக் கையால் தைக்கும்போது ஊசி பாதியில் மாட்டிக்கொள்ளும். பஞ்சரான சைக்கிள் டியூபில் விரலகலத் துண்டு வெட்டி, ஊசியைப் பிடித்து இழுத்தால் வழுக்காமல் வரும். ஊசிக்கு இருப்பிடம் காலண்டர் அட்டை. தமிழ் வீடுகளில் அது முன்பே அமலில் உள்ள ஏற்பாடு. ஓரப்பட்டியை மடித்துப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப்பும், பெண்பிள்ளைகளின் தலையில் ‘டிக்’ என்று மூடும் கிளிப்பும் போதும். ஐப்பசி மழையில், பள்ளிக்கூட நாளின் காலை எட்டு மணிக்கு இவ்விரண்டையும் எடுப்பவர் வீட்டில் எவருடைய ஆதரவையும் எதிர்பார்க்க முடியாது.

தொழிற்சாலை மிச்சமும் வீட்டுக் கருவியும் சேர்ந்தால் என்ன வரும் என்பதற்கு வெளியூர்ச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்டு என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடைகளில் போர்வை தைத்தவர்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காக அப்பகுதிப் பெண்கள் கார்டுராய் தலையணை உறை தைத்தபோது மிஞ்சிய துண்டுகளும் அவர்கள் போர்வைகளில் சேர்ந்தன. 2002இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரேறின. திருப்பூரின் வேஸ்ட் மூட்டைகள் இதுவரை பரண்தான் ஏறியிருக்கின்றன.

மாற்றுப் பொருள் தேடக் கூடாதவை இரண்டு. முதலாவது இயந்திர ஊசி. கூர்முனை ஊசி பனியன் துணியின் கண்ணிகளை அறுத்து, துவைத்ததும் துளையாக்கிவிடும். முனை உருண்ட பால்பாயின்ட் ஊசிதான் கண்ணியை விலக்கி இறங்கும். அது சில ரூபாய் விலைதான். இரண்டாவது கத்தரிக்கோல். வீட்டிலுள்ள எல்லாப் பொருளும் போர்வைக்கு இரவல் வரலாம். போர்வையின் கத்தரிக்கோல் மட்டும் எங்கும் இரவல் போகக் கூடாது. தாள், பால் பாக்கெட், கறிவேப்பிலைக் கொத்து ஆகியவற்றில் ஒன்றை வெட்டினாலும் முனை மழுங்கும், பின்னர் பனியன் துணியை வெட்டாமல் மெல்லும். ஆகவே அதைப் பெட்டியில் பூட்டி வைத்துச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். சோமாசிக் கரண்டியைத் தேடி வரும் வீட்டாருக்கு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டவும் தயாராக இருக்க வேண்டும்.