பீரங்கி அளந்த நிலம்

கேள்வி: டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடல் கடந்து வந்து காலனி அமைத்தபோது, அந்நிய மண்ணில் எல்லையை எப்படி வகுத்தார்கள்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் மாவட்டத் தலைநகரான கடலூரிலேயே ஒரு எல்லையைப் பீரங்கி வைத்து அளந்தார்கள்!

இவ்விருவரில் முதலில் இங்கே வந்தவர்கள் டச்சுக்காரர்கள். செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று 1608-ல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வணிக நிலையம் போட்டார்கள். பிறகு பழவேற்காட்டில் கோட்டையே கட்டினார்கள். நம் நெசவாளர்களின் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். டச்சுக்காரர்களை இங்கே இழுத்தது தறிதான்.

ஆங்கிலேயர் 1690-ல் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமுக்கு மொகலாயரோடு போர், பணம் தேவை. ஒப்பந்தம் என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து சுடும் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து திசைக்கொன்றாகச் சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அங்கே உழுதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற இந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமானது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார்.

பீங்கான் ஊர்க்காரரான உங்களுக்காக இன்னொன்று: டச்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற சீனப் பீங்கானைப் பார்த்துத்தான் டெல்ஃப்ட் நகரத்தார் தங்கள் நீல வெள்ளைப் பாண்டங்களை வனைந்தார்கள்.